பசிபிக் லீக்கை மீட்டது எது? ஜப்பானிய பேஸ்பாலின் புறக்கணிக்கப்பட்ட பாதியைப் பற்றி ஒரு விவாதம்

வேலவன் (ஓசாகா) எழுதியது:

ஓசாகாவின் நம்பா ரயில் நிலையத்தை ஒட்டி நம்பா பார்க்ஸ் என்றொரு பெரிய வணிக வளாகம் இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். இரண்டாம் தளத்தில் நடந்துகொண்டிருந்தபோது, தரையில் ஐந்து முனைகள் கொண்ட தகடு ஒன்று பதிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டேன். சற்றுத் தள்ளி, நீளவாக்கில் இன்னொரு தகடும் இருந்தது. முதலாவது மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டின் இடத்தைக் குறிக்கிறது. இரண்டாவது, பிட்சர் பந்தெறியும் இடத்தை. கைநிறையப் பைகளோடு போகிறவர்கள் அவற்றின்மேல் கால்வைத்துக் கடந்துபோகிறார்கள். 1950 முதல் நன்காய் ஹாக்ஸ் அணியின் தாய்மண்ணாக இருந்த ஓசாகா ஸ்டேடியம் நின்றிருந்த இடம் அது.

ஜப்பானின் தொழில்முறை பேஸ்பால், சென்ட்ரல் என்றும் பசிபிக் என்றும் இரண்டு லீக்குகளாக நடக்கிறது; ஒவ்வொன்றிலும் இப்போது ஆறு அணிகள். ஒவ்வொரு லீக்கிலிருந்தும் ஓர் அணி தேறிவந்து, பருவத்தின் முடிவில் இரண்டும் ஜப்பான் தொடரில் மோதுகின்றன. இவற்றுள் பசிபிக் லீக்கின் பழைய இடங்களைத் தேடிப்போனால், பெரும்பாலும் இப்படித் தரையில் பதித்த தகடுகள்தாம் கிடைக்கின்றன. ஹன்க்யூ பிரேவ்ஸ் ஆடிய நிஷினோமியா மைதானமும் இன்று வணிக வளாகம்தான். கின்டெட்சு அணியின் ஃபுஜிஇதெரா மைதானம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறது. தொடக்கத்தில் இருந்த ஏழு நிறுவனங்களில் ஒன்றுகூட இன்று பசிபிக் லீக்கில் அணி வைத்திருக்கவில்லை.

அப்படிப்பட்ட லீக்தான் 2013 முதல் 2020 வரை, இடையில் ஓர் ஆண்டுகூட விடாமல், எட்டு ஜப்பான் தொடர்களையும் வென்றது. 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் யோமியூரி ஜயன்ட்ஸ் அணியை ஃபுகுவோகாவின் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ் நான்குக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியது. ஜயன்ட்ஸின் நிழலில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கிடந்த ஒரு லீக் இந்த நிலைக்கு எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில் கம்பெனிகளின் துணைத்தொழிலாக இருந்தவரை அந்த லீக் தேய்ந்துகொண்டே போனது. ஒவ்வோர் ஊரும் தன் அணி என்று உரிமை கொண்டாடத் தொடங்கிய பிறகே அது பிழைத்தது.

மணிமேகலை எழுதியது:

ஒரே நாட்டில் இரண்டு லீக்குகள் எதற்கு என்ற அடிப்படைக் கேள்வியே எனக்கு விளங்கவில்லை. யாராவது தொடக்கத்திலிருந்து விளக்கினால், பின்னர் வரும் செய்திகளைப் பின்தொடர வசதியாக இருக்கும்.

சிவகுருநாதன் எழுதியது:

சகோதரி மணிமேகலை கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பசிபிக் லீக்கின் எல்லாத் துயரங்களுக்கும் வேர் அந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

1934 இல் பேப் ரூத் உள்ளிட்ட அமெரிக்க அணி ஜப்பானுக்கு வந்தபோது, அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் யோமியூரி நாளிதழின் அதிபர் ஷோரிகி மட்சுதாரோ. அதையொட்டி உருவான அணியே பின்னர் ஜயன்ட்ஸ் ஆயிற்று. 1936 இல் ஏழு அணிகளோடு தொழில்முறை லீக் தொடங்கியது. போர் முடிந்து ஆட்டம் மீண்டும் சூடுபிடித்தபோது, அமெரிக்காவைப் போலவே இங்கும் இரண்டு லீக்குகள் வேண்டும் என்று 1949 இல் முன்மொழிந்தவரும் அதே ஷோரிகிதான். யோமியூரியின் போட்டியாளரான மைனிச்சி நாளிதழ், அந்த அழைப்பை நம்பித் தனி அணி அமைக்க முன்வந்தது.

அங்கேதான் பிணக்கு தொடங்கியது. ஷோரிகி என்ன சொல்லியிருந்தாலும், போட்டி நாளிதழ் ஒன்று இந்த ஆட்டத்துக்குள் நுழைவதை யோமியூரி நிறுவனம் விரும்பவில்லை. அப்போதிருந்த எட்டு அணிகளில் ஹன்ஷின், ஹன்க்யூ, நன்காய், டோக்யூ, தைஏ ஆகிய ஐந்தும் மைனிச்சியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றன. ஜயன்ட்ஸும் வேறு இரண்டு அணிகளும் எதிர்த்தன. கணக்குப்படி மைனிச்சியின் பக்கமே பெரும்பான்மை இருந்தது. ஆனால் ஹன்ஷின் டைகர்ஸ் கடைசி நேரத்தில் ஜயன்ட்ஸின் பக்கம் மாறிவிட்டது. ஜயன்ட்ஸுக்கும் டைகர்ஸுக்கும் நடக்கும் ஆட்டங்கள்தாம் கூட்டத்தை இழுத்தன. அந்த வசூலை விட்டுவிட அதற்கு மனம் வரவில்லை. 1949 நவம்பர் 26 அன்று பழைய லீக் கலைந்தது; ஒருபுறம் சென்ட்ரல், மறுபுறம் பசிபிக் என்று அணிகள் பிரிந்துபோயின.

கோபமுற்ற மைனிச்சி, டைகர்ஸ் அணியின் முதுகெலும்பாக இருந்த வகபயாஷி, பெட்டோ, தோய்ககி போன்றவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1950 இல் பசிபிக் லீக்கின் முதல் பட்டத்தையும் முதல் ஜப்பான் தொடரையும் மைனிச்சி ஓரியன்ஸே வென்றது. வெற்றி கிடைத்தது உண்மைதான். ஆயினும் ஜயன்ட்ஸோடு ஆண்டு முழுவதும் ஆடும் வாய்ப்பு சென்ட்ரல் லீக்குக்கே போய்விட்டது. அந்த ஒரே இழப்பை ஈடுகட்டப் பசிபிக் லீக்குக்கு அரை நூற்றாண்டு போதவில்லை.

நண்பர் வேலவன் ரயிலைப் பற்றிச் சொன்னதற்கு ஓர் ஆதாரம் சேர்க்கிறேன். 1950 இல் பசிபிக் லீக்கில் இருந்த ஏழு அணிகளில் ஹன்க்யூ, நன்காய், கின்டெட்சு, டோக்யூ, நிஷிடெட்சு ஆகிய ஐந்தும் ரயில் கம்பெனிகளின் அணிகள். மீதி இரண்டில் ஒன்று நாளிதழ், மற்றொன்று சினிமா கம்பெனி. ரயில் முதலாளியின் நோக்கில் மைதானம் என்பது, விடுமுறை நாளில் வண்டியை நிரப்புவதற்காகத் தன் தடத்தின் ஓரத்தில் கட்டப்பட்ட ஓர் ஈர்ப்பு. கடைசி நிறுத்தத்தில் பல்பொருள் அங்காடி, நடுவழியில் மைதானம், இடையிலெல்லாம் மனைகள் என்ற கணக்கை ஓசாகாப் பக்கத்தில் நிலைநிறுத்தியவர் ஹன்க்யூவின் நிறுவனர் கொபயாஷி இச்சிஸோ. அந்தக் கணக்கில் பேஸ்பால் ஒரு வரி மட்டுமே.

ராதிகா (ஃபுகுவோகா) எழுதியது:

ரயில் கம்பெனி என்றாலே ஊருக்கு உறவில்லாதது என்று பொருள்படும்படி நண்பர் வேலவன் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. நான் வாழும் இந்த ஊரில் நிஷிடெட்சு லயன்ஸ் என்ற ரயில் கம்பெனியின் அணிதான் மக்களின் உயிராக இருந்தது. அருகில் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த சிக்குஹோ பகுதி. ஹெய்வாதாய் மைதானத்துக்கு வந்த கூட்டத்தில் அவர்களும் கலந்திருந்தனர்.

1958 ஜப்பான் தொடரைப் பற்றிச் சொல்லாமல் பசிபிக் லீக்கைப் பேசவே முடியாது. அந்த அணியின் மேலாளர் மிஹாரா ஒசாமு, முன்பு ஜயன்ட்ஸ் அணியை நடத்தியவர். சைபீரியச் சிறையிலிருந்து ஜயன்ட்ஸின் முன்னாள் ஆட்டக்காரர் மிசுஹாரா திரும்பிவந்ததும் ஜயன்ட்ஸ் நிர்வாகம் அவரிடம் பொறுப்பைக் கொடுத்தது; மனம் நொந்த மிஹாரா தெற்கே ஃபுகுவோகாவுக்கு வந்து, பெயரறியாத இளைஞர்களைச் சேர்த்து அணி கட்டினார். 1956 இலும் 1957 இலும் மிசுஹாராவின் ஜயன்ட்ஸை வென்றார். மூன்றாம் ஆண்டு முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார். இன்னும் ஒன்றில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற நிலை.

பெப்பு ஊரில் மீனவர் மகனாகப் பிறந்த இனாவோ கசுஹிசா என்ற பிட்சர், அதன்பின் நடந்த நான்கு ஆட்டங்களிலும் பந்தெறிந்தார். நான்கிலும் வெற்றி அவர் பெயரிலேயே பதிவானது. ஐந்தாம் ஆட்டத்தில், வழக்கமான கடைசிச் சுற்றான ஒன்பதாவது இன்னிங்ஸில் மூவரில் இருவர் ஆட்டமிழந்த பிறகு லயன்ஸ் சமன் செய்ய, பத்தாவது இன்னிங்ஸில் இனாவோவே மட்டையைப் பிடித்து, பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிடும் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். பந்தெறிவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தன் கையாலேயே அடித்தும் வென்றார் என்பதை நினைத்துப் பாருங்கள். கடவுளே, புத்தரே, இனாவோவே என்று மக்கள் கும்பிட்டதாக இன்றும் இவ்வூர் முதியவர்கள் சொல்வார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே அணிதான் லீக்கையே தலைகுனிய வைத்தது. 1969 இல் பணம் பெற்றுக்கொண்டு வேண்டுமென்றே தோற்ற செய்தி வெளியானது. அடுத்தடுத்து விசாரணைகள் நடந்து, ஆட்டக்காரர்கள் சிலருக்கு நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது. கருமூட்டம் என்று பொருள்படும் பெயரில் ஜப்பானியர் அந்த ஊழலைக் குறிப்பிடுகின்றனர். 1970 இல் மேலாளராகப் பொறுப்பேற்ற இனாவோ, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடத்தில் நின்ற அணியின் பாரத்தைச் சுமந்தார். 1972 முடிந்ததும் நிஷிடெட்சு விலகிக்கொண்டது. பிறகு அணியின் பெயர் கோல்ஃப் மைதான நிறுவனம் ஒன்றுக்கும், அடுத்துச் சிகரெட் லைட்டர் நிறுவனம் ஒன்றுக்கும் விற்கப்பட்டது. 1978 இல் செய்பு நிறுவனம் வாங்கி, அணியை டோக்கியோவுக்கு அருகே டொகொரொசாவாவுக்குக் கொண்டுபோய்விட்டது.

ஃபுகுவோகா அதன்பின் பத்து ஆண்டுகள் அணியில்லாத ஊராகக் கிடந்தது. ஹெய்வாதாய் மைதானத்தின் அடியில், சீன, கொரியத் தூதர்கள் தங்கிய பழங்கால விருந்தினர் மாளிகையின் எச்சங்கள் பின்னர் அகழ்ந்தெடுக்கப்பட்டன. நான் அங்கே நடக்கும்போதெல்லாம், மண்ணுக்குள் இரண்டு வரலாறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதாகவே உணர்கிறேன்.

பரணிதரன் எழுதியது:

ஊழலையும் உரிமையாளர்களையும் பேசுகிறோம். தொலைக்காட்சியை மறந்துவிடக் கூடாது. ஜயன்ட்ஸ் 1965 முதல் 1973 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து ஜப்பான் தொடரை வென்றது. ஓ, நாகஷிமா என்ற இரு பெரும் அடியாளர்கள் ஆடிய அந்த ஆட்டங்கள் மாலைதோறும் நாடு முழுவதும் ஒளிபரப்பாயின. சென்ட்ரல் லீக்கின் மற்ற ஐந்து அணிகளும் தங்கள் மைதானத்துக்கு ஜயன்ட்ஸ் வரும் நாள்களின் ஒளிபரப்பு உரிமையை விற்றே வயிறு வளர்த்தன. பசிபிக் அணிகளுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. அதே காலத்தில் ஹன்க்யூ பிரேவ்ஸ் ஐந்து முறை பசிபிக் பட்டம் வென்று ஐந்து முறையும் ஜயன்ட்ஸிடம் தோற்றது. அதன் மேலாளர் நிஷிமோட்டோ யூக்கியோ மூன்று வெவ்வேறு அணிகளை எட்டு முறை லீக் வெற்றியாளராக்கியவர்; ஜப்பான் தொடரை ஒருமுறையும் வெல்லாமலே ஓய்வுபெற்றார்.

ஆட்டத்தில் குறை இல்லை, பார்க்கத்தான் ஆள் இல்லை. நன்காய் அணியில், மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரான நொமுரா கட்சுயா 1965 இல் அடிப்பதில் மூன்று முதன்மை விருதுகளையும் ஒருசேர வென்றார். போருக்குப் பிந்தைய ஜப்பானில் அதைச் செய்த முதல் மனிதர் அவர். 1975 இல் தன் 600 ஆவது ஹோம் ரன்னை அவர் அடித்தபோது மைதானம் பெரிதும் காலியாகவே இருந்தது. ஓவையும் நாகஷிமாவையும் சூரியகாந்தி என்றும், தன்னை யாரும் பாராமல் அந்தியில் பூக்கும் பூ என்றும் அன்று அவர் ஒப்பிட்டுச் சொன்னதை ஜப்பானில் அறியாதவர் இல்லை.

சிவகுருநாதன் எழுதியது:

தம்பி பரணிதரன் சொன்ன அந்த வறுமைதான் புதுமைகளுக்கும் காரணமாயிற்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1973 இல் பசிபிக் லீக் பருவத்தை இரண்டாகப் பிரித்து, முற்பகுதியை வென்ற அணியும் பிற்பகுதியை வென்ற அணியும் இறுதியில் மோதும் முறையைக் கொண்டுவந்தது. முதலாண்டிலேயே ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. முற்பகுதியை வென்ற நன்காய், பிற்பகுதியில் ஹன்க்யூவிடம் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. 12 தோல்வி, ஒரு சமன். ஆனால் இறுதி மோதலில் மூன்றுக்கு இரண்டு என்று அதே ஹன்க்யூவை வென்றுவிட்டது. மேலாளராகவும் கேட்சராகவும் இருந்த நொமுரா செத்ததுபோல் நடித்து ஏமாற்றினார் என்று பத்திரிகைகள் எழுதின.

1975 இல் இன்னொரு மாற்றம் வந்தது. பிட்சருக்குப் பதிலாக மட்டைபிடிக்க மட்டும் தனியாக ஒருவரை நிறுத்தலாம் என்ற விதியைப் பசிபிக் லீக் ஏற்றது, சென்ட்ரல் ஏற்கவில்லை. மறுநாள் ஆட்டத்தில் எந்தப் பிட்சர் தொடங்குவார் என்பதை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கத்தைப் பசிபிக் 1994 இல் எல்லா ஆட்டங்களுக்கும் விரிவாக்கியது. சென்ட்ரலுக்கு அது வந்து சேர்ந்தது 2012 இல். நிறைந்த அரங்கத்தை வைத்திருந்தவர்களுக்கு எதையும் மாற்றத் தேவை இருக்கவில்லை.

இந்தச் சோதனைகளால் வாசலில் கூட்டம் பெருகிவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாகப் பிரித்த பருவம் 1982 உடன் கைவிடப்பட்டது.

வேலவன் (ஓசாகா) எழுதியது:

ராதிகா அம்மையார் சொன்னதைப் படித்து என் கருத்தைச் சற்றே திருத்திக்கொள்கிறேன். ரயில் கம்பெனிகளின் அணிகளை மக்கள் நேசித்தார்கள். அந்த நேசத்துக்குக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில்தான் இடம் இருக்கவில்லை. இதற்கு 1988 ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று கிடையாது. அதை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

தான் உயிரோடு இருக்கும்வரை ஹாக்ஸை விற்க மாட்டேன் என்று சொல்லிவந்த நன்காயின் கவகட்சு தென் அவ்வாண்டு ஏப்ரலில் காலமானார். இலையுதிர் காலத்துக்குள் அணி தைஏ என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஃபுகுவோகாவுக்குப் போவது உறுதியாகிவிட்டது. (சினிமா கம்பெனியான தைஏ வேறு, இது வேறு.) அக்டோபர் 15 அன்று ஓசாகா ஸ்டேடியத்தில் நன்காய் என்ற பெயரில் சொந்த மைதானத்தின் கடைசி ஆட்டம் நடந்தது. எதிரணியான கின்டெட்சுவை வென்ற பிறகு, மேலாளர் சுகியுரா தடாஷி ஒலிபெருக்கி முன் நின்றார். 1959 இல் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஜப்பான் தொடரின் நான்கு வெற்றிகளையும் தனியொருவராக எறிந்து பெற்றவர் அவர். அவ்வாண்டு வெற்றி ஊர்வலம் போன மிதோசுஜிச் சாலை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நிறைந்திருந்த கூட்டத்தைப் பார்த்து அவர் தன் உரையை முடித்த சொல், வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்லும் சொல். தமிழில் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: போய் வருகிறோம். நம் வீடுகளிலும் போகிறேன் என்று சொல்லிக் கிளம்புவதில்லை அல்லவா? அந்த ஒரு சொல்லைப் படித்தபோது, நான் பிறப்பதற்கு முன்னமே போய்விட்ட ஓர் அணிக்காகத் தொண்டை அடைத்தது.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 19. கவசாகி மைதானத்தில் லோட்டே அணிக்கு எதிராகக் கின்டெட்சு ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. இரண்டிலும் வென்றால் லீக் பட்டம்; ஒன்று சமனானாலும் பட்டம் செய்புவுக்கு. வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் அந்த மைதானம் அன்று நிரம்பி வழிந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் ஏறி நின்று பார்த்தார்கள்.

முதல் ஆட்டத்துக்குக் கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது என்பது விதி. ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்றுக்கு மூன்று, இருவர் ஆட்டமிழந்தாயிற்று. அந்தப் பருவத்தோடு ஓய்வுபெறவிருந்த நஷிதா மசடகா மட்டையோடு வந்தார். அவர் அடித்த பந்து வெளிக்களத்தில் விழ, ஓடிவந்த சுசுகி வெற்றி ரன்னை எடுத்தார். பயிற்சியாளர் நகானிஷி ஃபுதோஷி அவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் உருண்டார். அந்த நகானிஷிதான் முப்பது ஆண்டுகளுக்கு முன் நிஷிடெட்சுவின் மிகப்பெரிய அடியாளராக இருந்தவர். மேலாளர் ஒகி அகிராவும் அதே அணியில் ஆடியவரே. ராதிகா அம்மையாரின் ஊரிலிருந்து கிளம்பிய ஓர் இழை அன்று கவசாகியில் தெரிந்தது.

இரண்டாம் ஆட்டத்தில், நான்கு மணி நேரம் கடந்தபின் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற விதி இருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் பிரையன்ட்டின் ஹோம் ரன்னால் கின்டெட்சு நான்குக்கு மூன்று என முந்தியது. அதே இன்னிங்ஸில் லோட்டேயின் தகசாவா ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அந்தக் கட்டத்தில் டிவி அசாஹி தன் வழக்கமான நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை நாடு முழுவதும் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து லோட்டே மேலாளர் ஒன்பது நிமிடங்கள் வாதாடினார். பத்தாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் கின்டெட்சு ரன் எடுக்கவில்லை. அப்போது நான்கு மணி நேரம் முடியச் சில நிமிடங்களே மிச்சம். பத்தின் பிற்பாதியை ஆடி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெல்ல இனி வழியே இல்லை என்று தெரிந்தும் கின்டெட்சு ஆட்டக்காரர்கள் களத்துக்குப் போய் அவரவர் இடத்தில் நின்று அந்தப் பிற்பாதியை ஆடி முடித்தார்கள். நான்குக்கு நான்கு; பட்டம் செய்புவுக்கு.

அன்றைய தினமே ஓசாகாவில் ஹன்க்யூ நிறுவனம் செய்தியாளர்களைக் கூட்டி, பிரேவ்ஸ் அணியைக் குத்தகை நிதி நிறுவனமான ஒரிக்ஸுக்கு விற்றுவிட்டதாக அறிவித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த அணி அது. ஒரே பருவத்தில் இரண்டு ரயில் அணிகள் போயின. 1950 இல் இருந்த ரயில் அணிகளில் மிஞ்சிய ஒன்றான கின்டெட்சு அன்றிரவு கவசாகியில் தலைகுனிந்து நின்றது.

நூர்ஜஹான் எழுதியது:

வேலவன் ஐயா 1988 ஐ எழுதிய பிறகு, மிஞ்சிய அந்த ஒன்றுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் எழுதாவிட்டால் நெஞ்சு ஆறாது. ஜப்பானில் வேலை பார்த்த ஆண்டுகளில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கின்டெட்சு அணியின் தொப்பியோடுதான் தோட்ட வேலை செய்வார். அந்த அணி இல்லாமற்போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

2004 ஜூனில் கின்டெட்சுவும் ஒரிக்ஸும் இணையப்போகும் செய்தி வெளியானது. அணியை நடத்துவதில் ஆண்டுக்கு நானூறு கோடி யென் அளவுக்கு நட்டம் என்றார்கள். அதோடு நிற்கவில்லை, மொத்த அணிகளையும் பத்தாகக் குறைத்து ஒரே லீக்காக்கிவிட உரிமையாளர்கள் முனைந்தனர். 1949 இன் பிரிவினையை அழித்துவிட்டு, எல்லோரும் ஜயன்ட்ஸோடு ஆடிப் பிழைக்கலாம் என்பதே அதன் உட்பொருள்.

ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் ஃபுருதா அட்சுயா. அவர் பசிபிக் லீக்கில் ஆடியவரே அல்லர்; சென்ட்ரல் லீக்கின் யாகுல்ட் அணியின் கேட்சர். உரிமையாளர்களை நேரில் சந்தித்துப் பேச அவர் விரும்புகிறார் என்ற செய்தியைக் கேட்டபோது, யோமியூரியின் வத்தனபே வெறும் ஆட்டக்காரர்தானே என்று சொன்னது நாட்டையே கொதிக்க வைத்தது. செப்டம்பர் 18, 19 ஆகிய இரு நாள்களும் ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றிலேயே முதல்முறையாக வேலைநிறுத்தம் நடந்தது. பொதுமக்கள் ஆட்டக்காரர்களின் பக்கம் நின்றனர். சில நாள்களுக்குள் உரிமையாளர்கள் இறங்கிவந்தனர்: புதிய அணிக்கு இடம் உண்டு, அடுத்த பருவம் முதல் இரு லீக் அணிகளும் ஒன்றோடொன்று ஆடும் என்று ஒப்புக்கொண்டனர்.

பசிபிக் லீக்கை மீட்டது எது என்பதற்கு என் விடை அந்த இரண்டு நாள்கள்தாம். ஆனால் கின்டெட்சுவை எதுவும் மீட்கவில்லை. அதன் ஆட்டக்காரர்கள் ஒரிக்ஸுக்கும் புதிதாக வந்த ராகுடெனுக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டனர். அணியின் கடைசி மேலாளர் யார் தெரியுமா? 1988 இல் கவசாகியில் அந்த வெற்றி அடியை அடித்த அதே நஷிதா. நீங்கள் அணிந்திருக்கும் எண்கள் எல்லாமே இனி இந்த அணியில் வேறு எவருக்கும் போகாத எண்கள் என்று அவர் தன் ஆட்டக்காரர்களிடம் சொன்னார். ஜப்பான் தொடரை ஒருமுறைகூட வெல்லாமலே அழிந்துபோன அணி அது.

பரணிதரன் எழுதியது:

வேலைநிறுத்தம் அணிகளின் எண்ணிக்கையைக் காப்பாற்றியது என்பதை மறுக்கவில்லை. கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது வேறு ஒன்று என்பது என் எண்ணம். வேலைநிறுத்தத்துக்கு முன்பே, 2004 தொடக்கத்தில், டோக்கியோவில் ஜயன்ட்ஸோடு ஒரே அரங்கத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த நிப்பான் ஹாம் அணி, அதுவரை தனக்கென்று ஓர் அணியே இல்லாத வடக்குத் தீவான ஹொக்கைடோவின் சப்போரோவுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 2006 இல், ஜப்பான் தொடரை வென்றது. ஃபுகுவோகா, சப்போரோ, சென்டாய், சிபா என்று ஜயன்ட்ஸின் கை எட்டாத ஊர்களில் வேர்விட்டதுதான் லீக்கைக் காப்பாற்றியது. 2007 இல் ஆறு அணிகளும் சேர்ந்து பொது விற்பனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, இணைய ஒளிபரப்பைத் தாங்களே நடத்தின. தொலைக்காட்சி மூடிய கதவை அவர்கள் அப்படித் திறந்துகொண்டார்கள்.

ஆட்டத் திறனுக்கு நான் சொல்லும் காரணம் 1975 இன் விதி. பிட்சரும் மட்டைபிடிக்கும் சென்ட்ரலில், ஒன்பதாவது இடத்தில் எளிதாக வீழ்த்தக்கூடிய ஒருவர் எப்போதும் உண்டு. பசிபிக்கில் அந்த ஓய்வு கிடையாது. அந்த உலையில் வெந்த பிட்சர்கள்தாம் தார்விஷ், தனாகா, ஒஹ்தானி, யமமோட்டோ எல்லோரும். இரு லீக் அணிகளும் மோதத் தொடங்கிய 2005 முதல் 2019 வரையிலான 15 பருவங்களில் 14 இல் பசிபிக் அணிகளே மொத்தத்தில் மிகுதியாக வென்றன. ஐம்பது ஆண்டுகள் மறுத்துவந்த சென்ட்ரலும் இப்போது 2027 முதல் அந்த விதியை ஏற்க முடிவுசெய்துவிட்டது.

ராதிகா (ஃபுகுவோகா) எழுதியது:

ஊரும் அணியும் பிணைவதற்குச் சென்டாய்தான் மிகச் சரியான எடுத்துக்காட்டு. 2005 இல் ராகுடென் தன் முதல் ஆட்டத்தை மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. பந்தெறிந்தவர், ஒரிக்ஸுக்குப் போக மறுத்துப் புதிய அணிக்கு வந்த, முன்னாள் கின்டெட்சு வீரர் இவாகுமா. மறுநாள் அதே எதிரணியிடம் 26-0 என்று தோற்றது. அவ்வாண்டு மொத்தம் 97 தோல்விகள். மீந்துபோனவர்களைக் கொண்டு கட்டிய அணி அது. சென்டாய் மக்கள் அதற்காக அரங்கத்துக்கு வருவதை நிறுத்தவில்லை.

2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்தக் கரையைச் சிதைத்தன. 2013 இல் தனாகா மசஹிரோ 24 வெற்றி, தோல்வி ஒன்றுமில்லை என்று பருவத்தை முடித்தார். ஜயன்ட்ஸுக்கு எதிரான ஜப்பான் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் 160 பந்துகள் எறிந்து தோற்ற அவர், மறுநாள் ஏழாம் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் மீண்டும் களமிறங்கினார். சென்டாயில் மழை தூறிக்கொண்டிருந்தது. நிறைந்த அரங்கம் அவருடைய பாட்டைச் சேர்ந்து பாடியது. இனாவோவைப் பார்த்திராத எனக்கு, அன்று அவரைப் பார்த்ததுபோல் இருந்தது.

வேலவன் (ஓசாகா) எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு மீண்டும் நம்பா பார்க்ஸுக்குப் போய்வந்தேன். ஒன்பதாம் தளத்தில் நன்காய் ஹாக்ஸ் நினைவுக்கூடம் ஒன்று இருக்கிறது. முதல்முறை போனபோது அதைக் கவனிக்கவில்லை. கோப்பைகள், பச்சை நிறச் சீருடைகள், 1959 ஊர்வலத்தின் படங்கள்.

வளாகம் திறந்த 2003 முதல் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூடத்தில் நொமுராவின் படமோ பெயரோ இருக்கவில்லை. 1977 இல் அணியிலிருந்து நீக்கப்பட்டதால் ஏற்பட்ட கசப்பு அவ்வளவு ஆழமானது. அந்த அணிக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர், தன் அணியின் வரலாற்றிலேயே இல்லாமல் இருந்தார். 2020 பிப்ரவரியில் அவர் காலமானார். அவரோடு ஆடிய எமோட்டோ டகெனோரி முன்னின்று, ரசிகர்களிடம் நிதி திரட்டி, 2021 பிப்ரவரியில் அந்தக் கூடத்தைப் புதுப்பித்தார்கள்.

நான் போனபோது, எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் 19 என்ற எண் எழுதிய சீருடையின் முன் நின்றுகொண்டிருந்தார். அது நொமுராவின் எண். நெடுநேரம் அப்படியே நின்றுவிட்டு, கண்ணாடியை நோக்கிச் சற்றே தலைவணங்கி, மின்தூக்கிப் பக்கம் போனார்.